ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் மிஸ்ஸுக்கு

"உங்க பேரைக் குடுத்திருக்கேன் மிஸ்" என்று கோஆர்டினேட்டர் சிரித்த முகத்தோடு வந்து நின்றால், எதற்கு என்று கேட்காதீர்கள். பரிசளிப்பு விழாவுக்காக இருக்காது. வரும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஏதோ ஒரு நட்சத்திர ஹோட்டலில், ஜன்னல் இல்லாத ஹாலில் உட்கார்ந்து, பாடம் நடத்துவது எப்படி என்று நீங்கள் பாடம் கேட்கப் போகிறீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து என்று சொல்லிப் பார்க்கலாம். பலிக்காது. எங்கே போனாலும் காதுகுத்துதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் பதினான்கு வருஷமாக நான் தமிழ் மிஸ். இதுவரை எத்தனை ஒர்க்‌ஷாப் போனேன் என்று எண்ணி வைக்கவில்லை. அங்கே கொடுத்த துணிப்பைகளை எண்ணினால் பதினொன்று வருகிறது. ஒன்று மாவு மிஷினுக்குப் போகிறது, ஒன்றில் வெங்காயம் இருக்கிறது, மீதியைப் பழைய பேப்பர்காரர்கூட எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அந்தப் பைகள் தந்த தகுதியில்தான் இந்த யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். டீ பிரேக்கில் யாராவது கேட்டால் முழிக்கக் கூடாது அல்லவா? ஐபி என்று நாம் செல்லமாகச் சொல்லும் இன்டர்நேஷனல் பக்கலோரியட் 1968-ல் ஜெனிவாவில் பிறந்தது. தூதரகங்களிலும் உலக அமைப்புகளிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நாடுவிட்டு நாடு மாறிக்கொண்டே இருந்தார்கள். எந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ளும் ஒரு படிப்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது. இந்தியாவில் அதை முதலில் கொண்டுவந்தது நம் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-ல். இன்றைக்கு என் வகுப்பிலும் அடிக்கடி இடம் மாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் துரைப்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு.

அதே 1968-ல் அமெரிக்காவில் 3எம் கம்பெனியின் வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர், பலமான பசை செய்யப் போய், ஒட்டியும் ஒட்டாத ஒரு பசையைச் செய்து வைத்தார். அதை என்ன செய்வதென்று பல வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 1980-ல் அது மஞ்சள் ஸ்டிக்கி நோட்டாகக் கடைக்கு வந்தது. ஐபியும் அந்தப் பசையும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். எந்த ஜோசியரும் இப்படிப் பொருத்தம் பார்த்துச் சேர்த்திருக்க முடியாது. ஒர்க்‌ஷாப்பில் கற்பதெல்லாம் எந்தப் பசையில் ஒட்டுகிறது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

ஏன் போக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பள்ளிக்கு ஐபி அங்கீகாரம் வேண்டுமென்றால் ஆசிரியர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்; அங்கீகாரம் வந்த பிறகும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். ஆகவே உங்கள் வளர்ச்சியில் நிர்வாகத்துக்கு இருக்கும் அக்கறை உண்மையானது, தேதியும் போட்டது. ஒர்க்‌ஷாப்பில் மூன்று வகை உண்டு. புதிதாக வருபவர்களுக்கு ஒன்று, நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டு, ஏதாவது ஒரு விஷயத்தில் ஆழமாக இறங்க மூன்று. நீங்கள் எதற்குத் தகுதியானவர் என்று யோசிக்காதீர்கள். எதில் இடம் காலியோ அதில் போடுவார்கள். சிபிஎஸ்இ பள்ளியில் இருக்கும் தோழிகளைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் என்று எழுதி வைத்துவிட்டது. அவர்களும் சனிக்கிழமைகளில் நம்மைப் போலத்தான்.

எடுத்துப்போக வேண்டியவை: ஒரு சால்வை (ஹோட்டல் ஏசி ஊட்டியைத் தோற்கடிக்கும்), சார்ஜர், ஒரு தைலம். பட்டுப் புடவை வேண்டாம். காலை பத்து மணிக்குள் உங்களைத் தரையில் உட்காரச் சொல்வார்கள், பதினொன்றுக்குள் கை தட்டிக்கொண்டு வட்டமாகச் சுற்றச் சொல்வார்கள். இடம் பிடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் வரிசையில் உட்கார்ந்தால் குழுத் தலைவி ஆவீர்கள். கடைசி வரிசையை வெவ்வேறு பள்ளிப் பிரின்சிபால்கள் ஏற்கெனவே பிடித்திருப்பார்கள். போனில் மூழ்கியிருக்கும் அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. பிளக் பாயின்ட்டும் டீ வைக்கும் கதவும் ஒருசேரக் கண்ணில் படும் நடு மேசைதான் உத்தமம்.

பிறகு ஐஸ்பிரேக்கர். உங்கள் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும் ஓர் ஆங்கில அடைமொழியைச் சேர்த்து உங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஜாலி ஜெயா, ஸ்மைலிங் சுதா என்று வரிசையாக வரும். என் பெயர் ஞகரத்தில் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் முன்னால் ஒரு 'ஜி' வந்து, வாயைத் திறக்காமல் நிற்கும். முதல் ஒர்க்‌ஷாப்பில் தவித்துப் போனேன். இப்போதெல்லாம் "குட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன். மூன்று நாளும் எல்லாரும் என்னைக் குட் மிஸ் என்றே கூப்பிடுகிறார்கள். பள்ளியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பேச்சு மொழி முக்கியம். ஒரு பாடத்தைப் படிக்கிறோம் என்று சொல்லாதீர்கள். "அன்பேக்" செய்கிறோம் என்று சொல்லுங்கள். பிள்ளை தன் இஷ்டத்துக்குச் செய்தால் அது "ஏஜென்சி". அவன் செய்யவே இல்லை என்றாலும் ஏஜென்சிதான். பதில் தெரியாவிட்டால், "அருமையான கேள்வி, இதை நாம் எல்லாரும் சேர்ந்து யோசிப்போம்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டாலே கட்டிய பணம் வசூல்.

"ஸ்கஃபோல்டிங்" என்று ஒரு சொல் ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை வரும். வேறொன்றுமில்லை, சாரம். கட்டடம் எழும்பும்போது சவுக்குக் கழி நட்டுக் கயிற்றால் கட்டுகிறோமே, அதுதான். பிள்ளைக்கு முதலில் கைகொடுத்து, அவனாக நிற்கத் தொடங்கியதும் பிரித்துவிட வேண்டும். அழகான உவமை, குறை சொல்ல மாட்டேன். அதைச் சொன்னவர் விகாட்ஸ்கி என்று ஸ்லைடில் தாடி இல்லாத ஒரு ரஷ்யர் படத்தோடு வரும். விகாட்ஸ்கி 1934-லேயே காலமாகிவிட்டார். வுட், புரூனர், ராஸ் மூவரும் சேர்ந்து அந்தச் சொல்லை ஒரு கட்டுரையில் வைத்தது 1976-ல். இது தெரிந்தாலும் கை தூக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பிரமிடு வந்தது. உங்களுக்கும் வரும். லெக்சர் கேட்டால் 5 சதவீதம் நினைவில் நிற்கும், படித்தால் 10, பார்த்தால் இன்னும் கொஞ்சம் என்று அடுக்கடுக்காக இறங்கி, பிறருக்குக் கற்பித்தால் 90 என்று முடியும். மனித மூளை என்ன தீபாவளித் தள்ளுபடிப் பலகையா, இப்படி ரவுண்டு ரவுண்டாகச் சதவீதம் போட? எட்கர் டேல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1946-ல் தன் புத்தகத்தில் ஒரு கூம்பு வரைந்தார். அனுபவங்களை நேரடியானது, படம் வழி வருவது, சொல் வழி வருவது என்று அடுக்கினார். அதில் ஒரு சதவீதமும் கிடையாது. எண்களைப் பின்னால் யாரோ ஒட்டினார்கள். ஒட்டியவர் போய்விட்டார், எண்கள் நிற்கின்றன. அன்றைக்குக் காலையில்தான், நீங்கள் கண்ணால் கற்பவரா, காதால் கற்பவரா, கையால் கற்பவரா என்று ஒரு படிவத்தை வேறு நிரப்ப வைத்திருந்தார்கள். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பயன் உண்டு என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று பாஷ்லரும் அவரோடு மூன்று உளவியலாளர்களும் 2008-லேயே அலசி எழுதிவிட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து இரண்டையும் கேட்டுவிட்டேன்.

ஃபெசிலிடேட்டர் கோபப்படவில்லை. அவர்கள் கோபப்படவே மாட்டார்கள், அதற்கும் பயிற்சி உண்டு. "வாவ், என்ன ஆழமான கேள்வி! இதை ஒரு ஸ்டிக்கி நோட்டில் எழுதிப் பார்க்கிங் லாட்டில் ஒட்டிவிடுங்கள்" என்றார்.

பார்க்கிங் லாட் என்பது கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சார்ட் பேப்பர். வசதிப்படாத கேள்விகளையெல்லாம் அங்கே நிறுத்திவிட வேண்டும், பிறகு எடுத்துப் பேசுவார்கள் என்பது ஏற்பாடு. தி.நகரில் வண்டியை உள்ளே விட முடியாது. இங்கே விட்ட வண்டியை வெளியே எடுக்க முடியாது. என் மஞ்சள் காகிதத்தை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் பிரமிடின் உச்சியில் இருந்த 5 சதவீதத்தைச் சுட்டிக்காட்டி, லெக்சர் ஏன் பயனற்றது என்பதை ஒன்றரை மணி நேரம் லெக்சராக விளக்கினார்.

மதியத்துக்கு மேல் தூக்கம் வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதற்குத்தான் கோபுரம். 20 ஸ்பகெட்டி குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ. 18 நிமிஷத்தில் கோபுரம் கட்டி உச்சியில் மார்ஷ்மெல்லோவை நிறுத்த வேண்டும். பீட்டர் ஸ்கில்மன் உருவாக்கிய விளையாட்டு இது. டாம் உஜெக் என்பவர் 2010-ல் ஒரு டெட் பேச்சில் சொல்லி உலகமெங்கும் பரப்பினார். எம்பிஏ முடித்தவர்களைவிடக் கிண்டர்கார்டன் முடித்த குழந்தைகள் உயரமாகக் கட்டுகிறார்களாம். பெரியவர்கள் திட்டம் போட்டே நேரத்தைத் தீர்ப்பார்கள், குழந்தைகள் முதலிலிருந்தே மார்ஷ்மெல்லோவை வைத்து வைத்துப் பார்ப்பார்கள் என்பது காரணம்.

எங்கள் மேசையில் பதினேழு நிமிஷம் திட்டம் போடவில்லை. ஒன்பது நிமிஷம், மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டா என்ற விவாதத்தில் போயிற்று. உண்டு, மாட்டு எலும்பிலோ பன்றித் தோலிலோ எடுப்பார்கள் என்று பயாலஜி மிஸ் உறுதி செய்தார். சமஸ்கிருத சார் கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய்விட்டார். அவர் மனம் நோகக் கூடாதே என்று மாற்று தேடினோம். டீயோடு வைத்திருந்த ரவா லட்டு கிடைத்தது. மார்ஷ்மெல்லோ காற்றடைத்த பண்டம். ரவா லட்டு அப்படியா? வைத்த நொடியில் கோபுரம் இத்தாலியிலிருந்து நேராகச் சேமியா உப்புமாவானது. "தோல்வியிலிருந்து என்ன கற்றீர்கள்?" என்று கேட்டார்கள். ரிஸ்க் எடுக்கக் கற்றோம் என்று சொன்னோம். ஐபி மாணவருக்கு இருக்க வேண்டிய பத்துக் குணங்களில் அதுவும் ஒன்று, ஆகவே கைதட்டு கிடைத்தது. நீங்களும் எதில் மாட்டிக்கொண்டாலும் அந்தப் பத்தில் ஒன்றைச் சொல்லித் தப்பிக்கலாம். சாப்பாட்டு வரிசையில் முந்தினால் தேடல் உள்ளவர், இரண்டாம் முறை குலாப் ஜாமூன் எடுக்காவிட்டால் சமநிலை உள்ளவர்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். பஃபேயில் கோபி மஞ்சூரியனும் பனீர் பட்டர் மசாலாவும் எந்த ஊரானாலும் இருக்கும். தயிர் சாதம் கடைசியில், ஒரு மூலையில், ஊறுகாயோடு இருக்கும், அங்கே போங்கள். தயிர் சாத மூலையில் நிற்பவர்கள் பதினைந்து இருபது வருஷம் வகுப்பில் நின்றவர்கள். ஆறு வருஷத்துக்கு முன் அங்கேதான் வேறொரு பள்ளியின் பிரெஞ்சு மிஸ்ஸைப் பார்த்தேன். தமிழ் மிஸ்ஸை எந்த மேசையில் போடுவது என்று தெரியாமல் எப்போதும் பிரெஞ்சுக்காரர்களோடு போட்டுவிடுவார்கள், அதனால் முகம் பழக்கம். கட்டுரை நோட்டு திருத்தித் திருத்திச் சிவப்பு மை தீர்ந்துபோகிறது, பிள்ளைகள் திரும்பியும் பார்ப்பதில்லை, அதே லகர ளகரப் பிழை அடுத்த வாரமும் வருகிறது என்று அவரிடம் புலம்பினேன்.

"எல்லாத்தையும் ஏன் திருத்தறீங்க?" என்றார், அப்பளத்தை உடைத்தபடி. "ஒரு வாரம் ஒரே ஒரு வகைத் தப்பை மட்டும் பாருங்க. அதையும் நீங்க சரி பண்ணாதீங்க. அந்த வரிக்குப் பக்கத்துல மார்ஜின்ல ஒரு புள்ளி வைங்க. எது தப்புன்னு பசங்களே கண்டுபிடிக்கட்டும். அதுக்குப் பத்து நிமிஷம் கிளாஸ்லயே குடுங்க."

இவ்வளவுதான். ஸ்லைடு கிடையாது, பெயர் கிடையாது, வகையும் கிடையாது. ஆறு வருஷமாக அப்படித்தான் திருத்துகிறேன். வல்லினம் மிகும் இடம், ஒரு வாரம். ஒருமை பன்மை, அடுத்த வாரம். பதினொரு துணிப்பைகளிலும் சேர்த்து எனக்குக் கிடைத்தவற்றில் என் வகுப்பறை வரைக்கும் வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். இதை ஃபீட்பேக் படிவத்தில் எழுதப் பார்த்தேன். "ஹால் வசதி", "ஃபெசிலிடேட்டரின் ஆற்றல்", "உணவு" என்று மூன்று கட்டங்கள் இருந்தன. உணவில் எழுதினேன்.

ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள ஜப்பானில் ஒரு முறையே இருக்கிறது. ஜுக்யோ கென்க்யூ என்பார்கள், பாட ஆய்வு. நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பின் ஓரத்தில் நின்று பிள்ளைகள் எங்கே முழிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசி, அதே பாடத்தைச் செப்பனிடுவார்கள். ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் 1999-ல் ஒரு புத்தகத்தில் எழுதிய பிறகு அமெரிக்காவுக்கே அது தெரியவந்தது. மாதம் ஒரு பீரியட் இப்படிச் செய்யலாமா என்று எங்கள் பள்ளியில் கேட்டுப் பார்த்தேன். நான்கு மிஸ்ஸை ஒரே பீரியடில் விட்டால் சப்ஸ்டிட்யூஷன் போட ஆள் இல்லை என்றார்கள். நியாயம்தான். அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் எங்களில் இருபத்திரண்டு பேர் ஹோட்டலுக்குப் போனோம்.

பணத்தைப் பற்றி உங்களுக்கு உறுத்தினால் ஒரு ஆறுதல். அமெரிக்காவில் டிஎன்டிபி என்ற அமைப்பு 2015-ல் மூன்று பெரிய பள்ளி மாவட்டங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தது. ஓர் ஆசிரியரின் பயிற்சிக்கு வருஷத்துக்குச் சுமார் 18,000 டாலர் செலவாகியிருந்தது. குறிப்பிட்டுச் சொல்லும்படி முன்னேறியவர்கள் பத்தில் மூன்று பேர்தான். அறிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் கானல் நீர். நம் ஊர் ஹோட்டலில் குறைந்தபட்சம் நிஜத் தண்ணீர் பாட்டில் வைக்கிறார்கள்.

ஆன்லைன் ஒர்க்‌ஷாப் என்றால் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேமராவை நெற்றி மட்டும் தெரிகிற மாதிரி வையுங்கள், குக்கரை மூன்றாவது விசிலுக்கு முன் மியூட் செய்யுங்கள்.

கடைசி நாள் மாலை, "முன்பு நான் நினைத்தேன்... இப்போது நான் நினைக்கிறேன்..." என்று இரண்டு வரி எழுதச் சொல்வார்கள். ஹார்வர்டின் புராஜெக்ட் ஜீரோவிலிருந்து வந்த பயிற்சி. 1967-ல் தத்துவப் பேராசிரியர் நெல்சன் குட்மன் தொடங்கிய அமைப்பு அது. கலை வழியாகக் கற்பதைப் பற்றி நமக்குத் தெரிந்தது பூஜ்யம் என்று அடக்கமாக அந்தப் பெயரை வைத்தார். வகுப்பில் பிள்ளைகளோடு நிதானமாகச் செய்தால் அருமையான பயிற்சி. ஞாயிறு மாலை ஐந்தே காலுக்கு, கடைசி ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொண்டு செய்யும்போது கொஞ்சம் மாறும். ஆயத்த விடை தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்: "முன்பு நான் கற்பிப்பதாக நினைத்தேன். இப்போது நானும் கற்கிறேன் என்று நினைக்கிறேன்." எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் பொருந்தும். ஒருமுறை தீயணைப்புப் பயிற்சியில்கூட எழுதினேன், பாராட்டினார்கள்.

பிறகு குரூப் போட்டோ, சர்டிபிகேட், லிங்க்ட்இன். திங்கட்கிழமை வந்தால் மற்ற மிஸ்களுக்கு நீங்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். மூன்று நாள் விஷயத்தைப் புதன்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கில் நாற்பது நிமிஷத்தில் சொல்லச் சொல்வார்கள். சர்க்குலர் வாசித்து முடிக்கும்போது அது பன்னிரண்டு நிமிஷமாகியிருக்கும். ஜெனிவாவில் கறந்த பால் ஹோட்டலில் தயிராகி, ஸ்டாஃப் ரூமுக்கு வரும்போது கறிவேப்பிலை மிதக்கும் நீர்மோராக வரும். வெயிலுக்கு நல்லதுதான். எப்படியும் மூன்று ஸ்லைடுக்கு மேல் போடாதீர்கள். அவற்றில் பிரமிடு வேண்டாம்.

போன மாதம் மறுபடியும் அதே ஹோட்டல், அதே ஹால். கதவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். பழைய சார்ட் பேப்பர் இல்லை, புதிதாக ஒன்று வெறுமையாக ஒட்டியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய என் கேள்வியை யாராவது வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால், அல்லது உங்கள் பைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், தயவுசெய்து தயிர் சாத மூலையில் வந்து கொடுங்கள். மஞ்சள் காகிதம், பச்சை ஸ்கெட்ச் பேனா, 'டேல்' என்ற பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கும்.